போணி

சிமென்ட் ஆலையின் பின்வாசல் காவல் எனக்கு.
இரவு பத்து மணிக்கு அந்தக் கூண்டுக்குள்
உயிரோடிருப்பவை மூன்று:
ஹீட்டரின் ஒற்றைக் கம்பி,
நான்,
நொமுந்தாரியின் நேரலை.

தார்கான் சந்தையில்
சரக்குப் பெட்டகத்தை வெட்டிச் செய்த கடை.
ஒட்டக ரோமக் காலுறை விற்கிறாள்.
கைபேசியைத் தேநீர்க் குடுவையில் சாய்த்துவைத்து
காலுறைக்குள் கையை நுழைத்து
விரல்களை விரித்துக் காட்டுவாள்,
உள்ளே ஒரு கோழி புகுந்துகொண்டதுபோல.
“தையல் பாருங்க, உள்பக்கம் பாருங்க,
ரெண்டு ஜோடி எடுத்தால்
குழந்தைக்கு ஒண்ணு கொசுறு.”

திரையின் மூலையில் ஒரு கண், அருகில் எண்: மூன்று.
ஒன்று அவள் தங்கை.
இன்னொன்று அவளேதான், வேறு பெயரில்.
குனிந்து எதையோ தட்டுவாள்,
உடனே அந்தக் கணக்கு விலை கேட்கும்.
எழுத்துப்பிழை இருவருக்கும் ஒன்றே.

மூன்றாவது நான்.
“செரென்பில் அண்ணன் வந்துட்டார்” என்பாள்.
அந்த நேரத்தில் என் பெயரை
உலகத்தில் வேறு யாரும் சொல்வதில்லை.

வாங்கியதில்லை நான். இதயம்கூடப் போட்டதில்லை.
கஞ்சன் என்று நினைத்திருப்பாள்.
கையுறை விரலை இந்தக் கண்ணாடி மதிக்காது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
உள்ளே அதைவிடக் கொஞ்சம் மரியாதை.
ஓர் இதயத்துக்காகக் கையுறை கழற்ற
மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரியில் காசு கட்டி விளம்பரம் போட்டாள்.
நானூறு இதயங்கள் வந்தன,
காலுறையே தேவைப்படாத வெயில் தேசங்களிலிருந்து.
ஒவ்வொரு பெயரையும் தடுக்கித் தடுக்கி வாசித்து
நன்றி சொன்னாள்.
போணி ஆகவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை
பெட்டகத்தின் சொந்தக்காரன் கல்பத்ராக் வந்தான்,
இரண்டு மாத பாக்கி கேட்டு.
அவன் முழங்கை பட்டுக் குடுவை சரிந்தது.
கைபேசி மல்லாந்து விழுந்தது.
பதினோரு நிமிடம்
தகரக் கூரையும் அதில் தொங்கிய உறைபனியும்
ஆடும் பல்பும் மட்டும்.
குரல் அவளுடையது:

“இதுக்குள்ள இறைச்சி தொங்கவிட்டு
இறைச்சிகிட்ட வாடகை கேளு!
பூட்டப்போறியா, பூட்டு.
ஒரு பூட்டு மிச்சம் வை, உன் வாய்க்கு!”

எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
மூன்று. பதினேழு. இருநூற்று எட்டு.
விடிவதற்குள் நாற்பதாயிரம்.

மறுநாள் கடையில் ஒரு ஜோடிகூட மிச்சமில்லை.
மூன்றாம் நாள் கல்பத்ராக் திரும்பி வந்தான்,
தலை வாரி, டை கட்டி.
“இன்னைக்கும் திட்டுவியா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.
“எனக்கு இரும்பு அடுப்பு வியாபாரமும் இருக்கு.
நடுவுல அதையும் ஒரு வார்த்தை…”

திட்டினாள். தினமும் ஒன்பதரைக்கு.
மூன்றாவது வாரம்
கோபத்துக்கு நடுவே அடுப்பின் விலை வந்தது.
ஜனங்களுக்கு மூக்கு உண்டு.

அந்த நாட்களில் என் பெயர் வாசிக்கப்படவில்லை.
ஒருநாள் வீட்டிலிருந்து, வெறும் விரலால்,
நலமா என்று எழுதினேன்.
கண்ணிமைப்பதற்குள் பதில்:
“அன்பான வாடிக்கையாளரே,
உங்கள் செய்தி எங்களுக்கு மிக முக்கியம்.”

மார்ச். நாற்பது, பன்னிரண்டு, ஐந்து.
நேற்று, மூன்று.
தங்கை. வேறு பெயரில் அவள். நான்.
நெஞ்சுக்குள் அற்பமாய் ஒரு சந்தோஷம்,
கையும் களவுமாக அதைப் பிடித்தேன்.

அவள் கோழியை விரித்துக் காட்டினாள்.
தொண்டை கட்டியிருந்தது.
கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தேன்.
அளவு நாற்பத்து மூன்று உண்டா என்று
அடித்துவிட்டேன்.

திரையை நெருங்கி வந்து வாசித்தாள்.
“செரென்பில் அண்ணனா?
நாற்பத்து மூணு இல்லையே… நாற்பத்தொண்ணு இருக்கு.
இழுத்தா வரும்.”

சரி, எடுத்து வையுங்கள் என்று எழுதப் போனால்
விரல் மரத்துவிட்டது.
எழுத்து எதுவும் அகப்படவில்லை.
இதயம் மட்டும் பெரிதாக இருந்தது,
அதில் போய் இடித்தது.

சிவப்பாக ஒன்று மிதந்து மேலே போனது.
அவள் அண்ணாந்து பார்த்தாள்.

“இதயமெல்லாம் இருக்கட்டும் அண்ணே,
எத்தனை ஜோடி?”